வேல்ஸ்ல வெல்ஷ் மீடியம் ஸ்கூல், கவுன்சில் பிளான்: என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

நாங்க வேல்ஸுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வேலை, பெரியவ வெல்ஷ் மீடியம் ஸ்கூல்ல இயர் 3, சின்னவன் நர்சரி. பொங்கல் விழாவோ வளைகாப்போ, எங்க போனாலும் இலையில சாதம் விழறதுக்குள்ள யாராவது பக்கத்துல வந்து உக்காந்து "அக்கா அந்த வெல்ஷ் ஸ்கூல் பத்தி ஒரு டவுட்டு"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. கேள்விங்க எல்லாம் கிட்டத்தட்ட அதேதான், அதனால ஒரே இடத்துல எழுதிட்டேன், இனிமே லிங்க் அனுப்பிட்டு நான் நிம்மதியா சாப்பிடலாம்ல.

அக்கா, வேல்ஸ்ல எல்லா ஸ்கூல்லயும் வெல்ஷ் இருக்கே, அப்புறம் எதுக்கு தனியா வெல்ஷ் மீடியம்?

பாடமா படிக்கறது வேற, பாடமே அந்த மொழியில நடக்கறது வேற. வேல்ஸ்ல எந்த அரசு ஸ்கூல்ல சேத்தாலும் 16 வயசு வரைக்கும் வெல்ஷ் கட்டாயப் பாடம். ஆனா இங்கிலீஷ் மீடியத்துல பத்து பதினோரு வருஷம் படிச்ச பசங்ககிட்ட பேசிப் பாருங்க, நம்ம ஊர்ல மூணாவது மொழியா ஹிந்தி படிச்சவங்க "மேரா நாம்" தாண்டாத மாதிரி, காலை வணக்கத்தோட நின்னுடும். வெல்ஷ் மீடியத்துல கணக்கு, சயின்ஸ், விளையாட்டு, டீச்சர் திட்டறது வரைக்கும் எல்லாமே வெல்ஷ்தான்.

இதுக்கு ரெண்டுக்கும் நடுவுல இரட்டை மொழி ஸ்கூலும் இருக்கு, ஒரே வளாகத்துல ரெண்டு மீடியம் ஓடற ஸ்கூலும் இருக்கு. வடமேற்குல க்வினெத் பக்கம் போனா பிரைமரி ஸ்கூல்னாலே வெல்ஷ்தான், அங்க இந்த கேள்வியே எழாது.

ஃபீஸ் எவ்ளோ வரும்? பிரைவேட்டா?

ஒரு பைசா கிடையாது, கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) நடத்தற அரசு ஸ்கூல். ஆரம்பத்துல மட்டும் பிரைவேட்டா இருந்துச்சு. 1939ல அபெரிஸ்ட்வித்ல இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ்ங்கறவர் 7 பிள்ளைங்களை வெச்சு முதல் வெல்ஷ் மீடியம் ஸ்கூலை தொடங்கினார். கவுன்சில் காசுல முதல் பிரைமரி வந்தது 1947ல, லானெல்லியில. முதல் செகண்டரி 1956ல வடக்குல, க்ளான் க்ளூயிட்ங்கற ஸ்கூல். (லானெல்லின்னு நான் எழுதறது தப்பு உச்சரிப்புதான், அந்த ரெட்டை எல் சத்தம் நம்ம ழ மாதிரி, வெளியாளுக்கு வராது. நம்ம ழவை அவங்க படுத்தற பாட்டுக்கு இது சரியாப் போச்சு.)

நமக்கு ஒரு வார்த்தை தெரியாதே, வீட்ல தமிழ்தான் பேசறோம், நம்ம பிள்ளையை சேத்துப்பாங்களா? குழம்பிடாதா?

சேத்துப்பாங்க. கார்டிஃப், நியூபோர்ட் பக்கம் வெல்ஷ் மீடியத்துல படிக்கற பசங்கள்ல பெரும்பாலும் வீட்ல வெல்ஷ் பேசாத குடும்பம்தான், அதனால டீச்சருங்க ஆரம்பத்துலயே "யாருக்கும் தெரியாது"ங்கற கணக்குல தான் பாடம் எடுக்கறாங்க. அதுக்கும் முன்னாடி கில்ஹ் மெய்த்ரின்னு ரெண்டு வயசுலேர்ந்து பிளேகுரூப் இருக்கு, 1971ல ஆரம்பிச்ச மிடியாட் மெய்த்ரின்ங்கற அமைப்பு நடத்தறது, பாட்டு விளையாட்டுன்னே மொழி உள்ள போயிடும்.

எங்க பெரியவ ஸ்கூலுக்கு போன ரெண்டாவது வாரம், வீட்ல சோபாவுல இருந்து எழுந்து நின்னு கையத் தூக்கி "கா ஈ விண்ட் ஈர் டீ பாஹ்?"னு கேட்டா. நானும் அவரும் முழிக்கறோம். பாத்ரூம் போகலாமான்னு கேக்கறாளாம். எந்த வெல்ஷ் ஸ்கூல் பிள்ளையும் முதல்ல கத்துக்கற வாக்கியம் அதுதானாம், அவசரம் அப்படி. இப்ப பாட்டிகிட்ட தமிழ், தம்பிகிட்ட இங்கிலீஷ், பொம்மைங்களுக்கு பாடம் நடத்தும்போது வெல்ஷ். குழப்பம் எல்லாம் எங்களுக்குத்தான்.

இங்கிலீஷ் கெட்டுப் போயிடுமேம்மா? ஊர்ல எங்க அண்ணன் பசங்கள்லாம் கான்வென்ட்ல படிக்குதுங்க...

இந்த பயம்தான் நம்ம ஆளுங்களை ரொம்ப அரிக்கறது. சுத்தி டிவி, கடை, பிளேகிரவுண்ட் எல்லாம் இங்கிலீஷ், அது பிள்ளையை விட்டு எங்க போகப் போகுது? வேல்ஸ் பாடத்திட்டத்துல 7 வயசுலேர்ந்து இங்கிலீஷ் கட்டாயம், அதுக்கு முன்னாடி மொழியில ஊறட்டும்னு தள்ளிப் போட ஸ்கூலுக்கு அனுமதி உண்டு. கடைசியில இங்கிலீஷ் ஜிசிஎஸ்இயும் (நம்ம பத்தாவது பொதுத்தேர்வு மாதிரி) எழுதிட்டுத்தான் வெளிய வருவாங்க. எங்க வீட்டுல இயர் 2 வரைக்கும் இங்கிலீஷ் புக்கை தொட மாட்டா, இயர் 3 பாதியில தானா எடுத்து படிக்க ஆரம்பிச்சா, எழுத்துக்கூட்டல் மட்டும் கொஞ்ச நாள் வெல்ஷ் பாணியில இருந்துச்சு, "வ" சத்தத்துக்கு எஃப் போட்டு எழுதினது எல்லாம் நடந்துச்சு, சரியாயிடுச்சு.

கவுன்சில் லெட்டர்ல வெஸ்ப் வெஸ்ப்னு வருதே, அது என்ன குளவியா?

ஹாஹா, இந்த கேள்விக்காகவே இந்த பக்கத்தை எழுதினேன்னு வெச்சுக்கோங்க. வெஸ்ப்னா கவுன்சில் போடற வெல்ஷ் கல்வி திட்டம், முழுப் பேரோட (Welsh in Education Strategic Plan) முதல் எழுத்துங்களை சேத்து அப்படி கூப்பிடறாங்க. வேல்ஸ்ல 22 கவுன்சில் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு பிளான் எழுதி வெல்ஷ் அரசுகிட்ட ஒப்புதல் வாங்கணும், 2013 சட்டத்துலேர்ந்து இது கட்டாயம். முதல்ல மூணு வருஷத்துக்கு ஒண்ணுன்னு இருந்துச்சு. மூணு வருஷத்துல ஒரு ஸ்கூலுக்கு இடம் தேடி முடியறதே பெரிய விஷயம், இதுல என்னத்த திட்டம் போடறது? அதனால 2019 விதிகள்ல பத்து வருஷமா மாத்தினாங்க. இப்ப ஓடறது 2022 செப்டம்பர்லேர்ந்து 2032 வரைக்குமான பிளான்.

உங்க வீட்டுக்கு பக்கத்துல வெல்ஷ் ஸ்கூல் வருமா வராதா, எப்ப வரும், பஸ் உண்டா, நர்சரி உண்டா, எல்லாம் அந்த பிடிஎஃப்க்குள்ளதான் இருக்கு. கவுன்சில் சைட்லயே இருக்கும். யாரும் படிக்கறதில்லைங்கறது வேற விஷயம்.

அந்த பிளான்ல அப்படி என்னதான் எழுதியிருப்பாங்க?

எல்லா கவுன்சிலுக்கும் ஏழு தலைப்பு பொதுவா குடுத்திருக்காங்க. கிட்டத்தட்ட ஒரு பிள்ளை வளர்ற வரிசைதான் அது. மூணு வயசு நர்சரி, அஞ்சு வயசு ரிசப்ஷன், பிரைமரியிலேர்ந்து செகண்டரி போகும்போது வெல்ஷை விட்டுட்டு ஓடாம பாத்துக்கறது, வெல்ஷ்ல பரிட்சை எழுதறது, வகுப்புக்கு வெளியவும் வெல்ஷ் பேச வாய்ப்பு, சிறப்பு உதவி தேவைப்படற பிள்ளைங்க, கடைசியா டீச்சர்.

நான் படிச்ச வரைக்கும் முதல் ரெண்டுலதான் கவுன்சில்காரங்க தெளிவா எண் போடறாங்க. மூணாவதுலேர்ந்து "ஆராய்வோம்", "ஊக்குவிப்போம்"னு போயிடும். எந்த வரியில வருஷமும் எண்ணிக்கையும் இருக்குன்னு மட்டும் பாருங்க, மிச்சத்தை தாண்டிப் போகலாம். வருஷா வருஷம் எவ்ளோ நடந்துச்சுன்னு கவுன்சில் அரசுக்கு ரிப்போர்ட்டும் குடுக்கணும், பிளானை விட அந்த ரிப்போர்ட் சுவாரஸ்யம்.

இந்த டார்கெட் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? 2050னு எல்லா போஸ்டர்லயும் போட்டிருக்கே?

2017ல வெல்ஷ் அரசு ஒரு முடிவு எடுத்துச்சு, 2050க்குள்ள வெல்ஷ் பேசறவங்க 10 லட்சம் பேர் ஆகணும்னு. 1911 சென்சஸ்ல மக்கள்ல 43.5 சதவீதம் பேர் பேசின மொழி, 2011ல 19க்கு வந்து, 2021ல 17.8 சதவீதம், அதாவது சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். அதுலயும் வலிக்கற இடம் என்னன்னா 2011க்கும் 2021க்கும் நடுவுல அதிகமா குறைஞ்சது ஸ்கூல் போற வயசு பசங்ககிட்ட.

வீட்ல பேசறவங்க மட்டும் பெத்து வளர்த்து 10 லட்சம் வராது, ஸ்கூல்லதான் புதுசா உருவாக்கணும். அதனால ஒவ்வொரு வகுப்புலயும் வெல்ஷ் மீடியத்துல இருக்கற பிள்ளைங்க 2015-16ல 22 சதவீதம்னா (7 வயசு பிள்ளைங்களை வெச்சு போட்ட கணக்கு) அதை 2031க்குள்ள 30, 2050க்குள்ள 40 ஆக்கணும்னு கணக்கு போட்டாங்க. இந்த நாட்டு கணக்கை பிரிச்சு ஒவ்வொரு கவுன்சிலுக்கும் "இதுலேர்ந்து இதுக்குள்ள உன் இலக்கு இருக்கணும்"னு வரம்பு குடுத்தாங்க. இதுவரைக்கும் நாடு முழுக்க எடுத்தா பிள்ளைங்கள்ல கால்வாசி பேரைக் கூட தொடலை.

எங்க கவுன்சில்ல கேட்டா "உங்க ஏரியாவுல டிமாண்ட் இல்ல"ன்னு சொல்லிட்டாங்க அக்கா. நிஜமாவா?

எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே எரியும். என் ஃபிரண்ட் ஒருத்தி, ஊர் பேரு கவுன்சில் பேரு வேணாம், அவ ஊர்ல வெல்ஷ் ஸ்கூல் இல்ல. பக்கத்து டவுன்ல இருக்கு, காலைல ஏழேகாலுக்கு மினிபஸ், நாலு வயசு பிள்ளைய இருட்டுல, ஸ்வெட்டருக்கு மேல ஜெர்கின் போட்டு, தூக்கத்தோட ஏத்தி அனுப்பணும், போக நாப்பது நிமிஷம். அந்த பஸ்ல அவ ஊர்லேர்ந்து ஏறினது மூணே பிள்ளைங்க. கவுன்சில் ஆபீஸ்ல ஒருத்தர் அந்த மூணை எண்ணி காட்டி "பாத்தீங்களா, உங்க ஊர்ல மூணு பேருதான் விரும்பறாங்க"ன்னு சொன்னாராம். அந்த பஸ்ஸைப் பாத்து பயந்து பக்கத்து தெரு இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்த முப்பது பேரை யார் எண்ணுவா? ஆத்துல பாலமே இல்லாதப்போ நீந்திப் போறவன் ரெண்டு பேருதான் இருப்பான், அதை வெச்சு பாலம் தேவையில்லைன்னு சொல்லலாமா?

முன்னாடி அதுதான் முறையாவே இருந்துச்சு. கைக்குழந்தை வெச்சிருக்கற பெத்தவங்களுக்கு ஒரு படிவம் அனுப்பி, எந்த மீடியம் வேணும்னு கேட்டு, வர்ற பதிலை வெச்சு டிமாண்ட் அளக்கறது. பல் முளைக்காத பிள்ளைக்கு எவன் ஸ்கூல் யோசிக்கறான்? 2017ல அலெட் ராபர்ட்ஸ்ங்கற முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் அரசுக்காக இந்த பிளான் முறையையே அலசி அறிக்கை குடுத்தார் (அவரே பின்னாடி வெல்ஷ் மொழி கமிஷனர் ஆனார், 2022ல இறந்துட்டார்). அதுக்கப்புறம் வந்த 2019 விதிகள்ல டிமாண்டை அளந்து அது பின்னாடி ஓடறது போய், இவ்ளோ வளர்க்கணும்ங்கற இலக்கு முன்னாடி வந்துடுச்சு. அதனால இனிமே யாராவது "டிமாண்ட் இல்ல"ன்னா, "சரிங்க, உங்க வெஸ்ப்ல இரண்டாவது தலைப்புல போட்டிருக்கற எண்ணை எங்கேர்ந்து கொண்டு வரப் போறீங்க"ன்னு பணிவா கேளுங்க. மெயில்ல கேளுங்க, வாய்ல கேட்டா காத்தோட போச்சு.

புது ஸ்கூல் கட்டறதுன்னா 200 பிள்ளைங்க ஒரேயடியா வேணாமா? எங்கேர்ந்து வருவாங்க?

வேணாம். விதை ஸ்கூல்னு ஒரு முறை இருக்கு. முதல் வருஷம் நர்சரியும் ரிசப்ஷனும் மட்டும், அடுத்த வருஷம் அந்த பிள்ளைங்க மேல ஏற, கீழ புதுசா ஒரு வகுப்பு, இப்படி ஏழு வருஷத்துல முழு பிரைமரி. வருஷத்துக்கு 30 பிள்ளைங்கன்னா கடைசியில 210. கட்டடம் ரெடி ஆகற வரைக்கும் வேற இடத்துல தற்காலிகமா ஓடும். நியூபோர்ட்ல நான்ட் க்வென்லிங்கற ஸ்கூல் 2021ல அப்படித்தான் கேர்லியன்ல தற்காலிக இடத்துல ஆரம்பிச்சு அப்புறம் பில்க்வென்லி பக்கம் போச்சு. மன்மத் டவுன்ல 2024ல ஒண்ணு தொடங்கினாங்க.

ஆனா பிரைமரி மட்டும் கட்டினா போதாது. மன்மத்ஷயர்ல இன்னமும் வெல்ஷ் மீடியம் செகண்டரி கிடையாது, 11 வயசானதும் பிள்ளைங்க டார்ஃபைன்லயோ நியூபோர்ட்லயோ இருக்கற ஸ்கூலுக்கு கவுன்சில் எல்லை தாண்டி போறாங்க. அங்க இடம் இருக்குமான்னு இந்த கவுன்சில் அந்த கவுன்சிலோட சேந்து உக்காந்து திட்டம் போட்டாத்தான் உண்டு. பிளான் படிக்கும்போது "அண்டை கவுன்சில்"னு வர்ற பாராவை விட்டுடாதீங்க.

பஸ் ஃப்ரீயா?

2008 சட்டப்படி வேல்ஸ்ல பிரைமரிக்கு 2 மைல், செகண்டரிக்கு 3 மைல் அல்லது அதுக்கு மேல தூரம்னா, பக்கத்துல இருக்கற பொருத்தமான ஸ்கூலுக்கு இலவச பயணம். இந்த "பொருத்தமான"ல தான் சூட்சுமம். வெல்ஷ் மீடியம்தான் பொருத்தம்னு அந்த சட்டத்துல நேரா எழுதலை, வெல்ஷ் மீடியம் கல்வி கிடைக்க வழி பண்ணணும்னு தனியா ஒரு கடமை மட்டும் போட்டிருக்கு. பெரும்பாலான கவுன்சில் தன்னோட பாலிசியில, பக்கத்து வெல்ஷ் மீடியம் ஸ்கூலுக்கு தர்றோம்னு எழுதி வெச்சிருக்கு. பட்ஜெட் இறுகும்போது இந்த பாலிசியிலதான் கை வைப்பாங்க, அதனால வருஷா வருஷம் பாருங்க.

தூரம் நடந்து போற வழியில அளப்பாங்க, கார்ல ஓட்டிப் பாத்துட்டு 2.3 மைல்னு சண்டைக்கு போகாதீங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு 1.9 வந்துச்சு, ஒரு சந்து வழியா குறுக்க போனா அப்படி, அந்த சந்துல மழைக்காலத்துல வாத்துதான் போகும்.

எங்க ஊர்ல இருக்கற இங்கிலீஷ் மீடியத்தை எடுத்துட்டு வெல்ஷ் ஆக்கப் போறாங்களாம். இது திணிப்பு இல்லையா?

மனசு சங்கடப்படறது நியாயம்தான், உங்க பிள்ளை ஃபிரண்ட்ஸோட படிக்கற ஸ்கூல். ஆனா ராத்திரியோட ராத்திரியா பண்ண முடியாது. முதல்ல கருத்து கேக்கணும், குறைஞ்சது 42 நாள், அதுல 20 நாளாவது ஸ்கூல் நடக்கற நாளா இருக்கணும். அப்புறம் சட்டப்படி அறிவிப்பு, 28 நாள் ஆட்சேபம் சொல்லலாம். மாத்தினாலும் கீழ் வகுப்புலேர்ந்து படிப்படியா வர்றதுதான் வழக்கம்.

இதுல ரொம்ப சூடானது கார்மார்தன்ஷயர்ல லாங்கெனெக் ஊர். ரெண்டு மீடியமும் இருந்த பிரைமரியை 2017லேர்ந்து வெல்ஷ் மீடியமா மாத்தினாங்க, ஊரே ரெண்டா பிரிஞ்சு லண்டன் பேப்பர் வரைக்கும் வந்துச்சு. இதுக்கு தலைகீழா கார்டிஃப்ல ட்ரெகான்னாங்கற வெல்ஷ் ஸ்கூல். அங்க வெல்ஷ் பிள்ளைங்க நெருக்கடியில தவிக்க, பக்கத்து இங்கிலீஷ் ஸ்கூலை மூடி அந்த இடத்தை தரலாம்னு கவுன்சில் சொல்ல, 2010ல முதலமைச்சர் கார்வின் ஜோன்ஸே அதை நிராகரிச்சார். அவர் வெல்ஷ் பேசறவர். கடைசியில 2013ல புது கட்டடம்தான் கட்டிக் குடுத்தாங்க. என் கருத்து கேட்டா, காசு இருந்தா புதுசா கட்டறது நல்லது, ஒருத்தர் பாயை இழுத்து இன்னொருத்தருக்கு விரிச்சா ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது. காசு இல்லாதப்போதான் இந்த சண்டையெல்லாம்.

இங்கிலீஷ் ஸ்கூல் கட்டினதுக்கு வெல்ஷ்காரங்க கேஸ் போட்டு ஜெயிச்சாங்களாமே, அது எப்படி?

ஸ்வான்சீ பள்ளத்தாக்கு பக்கம், நீத் போர்ட் டால்பட் கவுன்சில். 2021ல மூணு சின்ன இங்கிலீஷ் மீடியம் பிரைமரிய மூடிட்டு பொண்டார்டாவேல 770 பிள்ளைங்க படிக்கற ஒரு பெரிய இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் கட்டலாம்னு முடிவு பண்ணாங்க. அந்த பள்ளத்தாக்கு இன்னும் வெல்ஷ் பேசற இடம். பளபளன்னு புது பெரிய ஸ்கூல் வந்தா பக்கத்துல இருக்கற பழைய வெல்ஷ் ஸ்கூலுக்கு யார் போவா? ராக்னு ஒரு பெத்தவங்க அமைப்பு இருக்கு, 1950கள்லேர்ந்து வெல்ஷ் கல்விக்காக நிக்கறவங்க, அவங்க ஹைகோர்ட்டுக்கு போனாங்க. கருத்து கேட்ட நேரத்துல வெல்ஷ் மேல என்ன பாதிப்புன்னு சரியா சொல்லாம கேட்டிருக்கீங்கன்னு 2022ல கோர்ட் அந்த முடிவை ரத்து பண்ணிடுச்சு.

இங்கிலீஷ் ஸ்கூல் கட்டக் கூடாதுன்னு கோர்ட் சொல்லலை, கவனிங்க. கேக்க வேண்டியதை கேக்கலைன்னுதான் சொல்லுச்சு. அதுலேர்ந்து எல்லா கவுன்சில் அறிக்கையிலயும் வெல்ஷ் பாதிப்பு பக்கம் மட்டும் தடிமனா வருது.

க்வினெத்ல வேலை கிடைச்சிருக்கு, பையனுக்கு 9 வயசு, வெல்ஷே தெரியாது. அங்க எல்லாமே வெல்ஷ்னு சொன்னீங்களே?

பயப்படாதீங்க, அதுக்குன்னே மொழி மையம் வெச்சிருக்காங்க, 1984லேர்ந்து. ஒரு டெர்ம் அளவுக்கு பையன் வாரத்துல பெரும்பாலான நாள் அந்த மையத்துக்கு போய் சின்ன குழுவுல வெல்ஷ் மட்டும் கத்துக்குவான், அப்புறம் தன் ஸ்கூலுக்கு திரும்புவான். இப்ப கம்ப்யூட்டர்ல ஒரு கற்பனை கிராமமே பண்ணி வெச்சிருக்காங்களாம், அதுக்குள்ள கடை கண்ணின்னு சுத்தி பேசிப் பழகறது. இதை தாமதமா மூழ்கறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி சொல்றாங்க, லேட் இமர்ஷன். மத்த கவுன்சில்கள்லயும் அரசு காசு குடுத்து இதை பரப்பியிருக்கு. 4 வயசுல விட்டுட்டோமேன்னு வருத்தப்படறவங்களுக்கும் இதுதான் வழி.

9 வயசுக்கு ஒரு டெர்ம் போதும். 14 வயசுல வந்தா கஷ்டம், நேராவே சொல்லிடறேன்.

ஸ்கூல் கட்டிடுவாங்க, டீச்சருக்கு எங்க போவாங்க?

உண்மையான முட்டுக்கட்டை இதுதான். கட்டடத்துக்கு காசு ஒதுக்கலாம், வெல்ஷ்ல பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கற ஆளை ஒதுக்கி வைக்க முடியுமா? 2022ல அரசு பத்து வருஷ டீச்சர் பிளான் ஒண்ணு போட்டிருக்கு. வெல்ஷ்ல செகண்டரி சொல்லிக்குடுக்க பயிற்சி எடுக்கறவங்களுக்கு 5,000 பவுண்ட் ஊக்கத்தொகை, வேலையில இருக்கற டீச்சருக்கு சம்பளத்தோட லீவு குடுத்து வெல்ஷ் கத்துக்க வைக்கற கோர்ஸ், இப்படி. கிராமத்து பக்கம் ஈ-ஸ்கோல்னு 2018லேர்ந்து ஒரு ஏற்பாடு, ஒரு ஸ்கூல் டீச்சர் வீடியோல நாலு ஸ்கூல் பசங்களுக்கு ஏ லெவல் (நம்ம பிளஸ் டூ மாதிரி) பாடம் எடுப்பார். பிரைமரிக்கு அவ்ளோ கவலை வேணாம், செகண்டரி தேடும்போது எந்தெந்த பாடம் வெல்ஷ்ல ஏ லெவல் வரைக்கும் இருக்குன்னு கேட்டுக்கோங்க.

என் பொண்ணுக்கு பேச்சு தாமதம். இங்கிலீஷ் ஸ்கூலுக்கே போங்கன்னு ஒருத்தர் சொன்னாங்க...

அப்படி சொல்றவங்க இன்னும் இருக்காங்க, நம்ம வீட்டு தமிழையே நிறுத்தச் சொல்றவங்களும் இருக்காங்க. 2018 சட்டம் என்ன சொல்லுதுன்னா, சிறப்பு உதவி தேவைப்படற பிள்ளைக்கு அந்த உதவி வெல்ஷ்ல வேணும்னா அதை ஏற்பாடு பண்ண கவுன்சில் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்கணும். நடைமுறையில வெல்ஷ் பேசற பேச்சுப் பயிற்சியாளர் கம்மி, காத்திருக்கணும். பிளானோட ஆறாவது தலைப்பு இதுதான், உங்க கவுன்சில் அதுல எத்தனை ஆள், எந்த ஸ்கூல்னு எழுதியிருக்கா, இல்ல வெறும் "ஆராய்வோம்"தானான்னு பாத்துட்டு முடிவெடுங்க. எந்த ஸ்கூல்ல அவளுக்கு இப்ப ஆள் இருக்கோ அங்க சேக்கறதுல தப்பே இல்ல.

2025ல புது சட்டம் வந்துச்சே, இனிமே இங்கிலீஷ் ஸ்கூலே இருக்காதா?

வாட்ஸ்அப்ல வந்ததை நம்பாதீங்க. 2025 மே மாசம் செனெத் (வேல்ஸோட சட்டசபை) நிறைவேத்தின சட்டம் ஸ்கூல்களை மூணு வகையா பிரிக்கும்: முதன்மையா வெல்ஷ், இரட்டை மொழி, முதன்மையா இங்கிலீஷ் கொஞ்சம் வெல்ஷ். அந்த மூணாவது வகையிலயும் குறைஞ்சது 10 சதவீதம் வெல்ஷ்ல நடக்கணும், உடனே முடியாத ஸ்கூலுக்கு தற்காலிக விலக்கு உண்டு. 2050க்குள்ள எந்த ஸ்கூல்ல படிச்சாலும் வெளிய வர்றப்போ வெல்ஷ்ல தன்னால பேசி சமாளிக்கணும்ங்கறது நோக்கம். முதல் கேள்வியில சொன்னேனே, காலை வணக்கத்தோட நிக்கற கதை, அதை மாத்தத்தான்.

10 லட்சம்ங்கற இலக்கையும் சட்டத்துக்குள்ளயே எழுதிட்டாங்க. இப்ப இருக்கற வெஸ்ப்புக்கு பதிலா வேற பேர்ல உள்ளூர் பிளான் வரும், லேட் இமர்ஷனும் அதுல வரும். ஒரே நாள்ல எதுவும் மாறாது, கட்டம் கட்டமா வரும்.

சரி, கவுன்சில் டார்கெட்டை எட்டலைன்னா என்ன பண்ணுவாங்க? ஃபைனா?

ஃபைன் எல்லாம் இல்ல. ஒப்புதல் வாங்கின பிளானை நிறைவேத்த நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்கணும்னு சட்டம் சொல்லுது, அமைச்சர் பிளானை திருத்தலாம், தலையிடலாம். ஆனா "முயற்சி பண்ணோம், முடியலை, பிறப்பு விகிதம் குறைஞ்சிடுச்சு"ன்னு ஒரு கவுன்சில் சொன்னா தலையிட எந்த அமைச்சர் வருவார்? பிள்ளைங்க குறையறது உண்மைதான், இங்கிலீஷ் ஸ்கூல்கள்ல காலி பெஞ்சு கிடக்கும்போது புது ஸ்கூல் கட்ட கவுன்சிலர்களுக்கு கை நடுங்குது. என்னைக் கேட்டா அமைச்சரை விட கவுன்சிலர் பயப்படறது ஓட்டுக்குத்தான்.

நமக்கு ஓட்டு உண்டா? நாம சொன்னா கேப்பாங்களா?

உண்டு. இந்தியா, இலங்கை ரெண்டும் காமன்வெல்த், அதனால முறையா விசாவுல இருக்கறவங்க கவுன்சில் எலெக்‌ஷன்ல ஓட்டு போடலாம், பேரைப் பதிஞ்சுக்கணும் அவ்ளோதான். கருத்து கேக்கற நேரத்துல தமிழ் குடும்பம் அஞ்சு பேர் தனித்தனியா மெயில் போட்டாலும் எண்ணிக்கையில வரும். ஒரே மெயிலை காப்பி பண்ணி ஆளுக்கொரு பேர் போட்டு அனுப்பினா ஒண்ணாத்தான் எண்ணுவாங்கன்னு பயம் இருக்கு, அதனால உங்க தெரு, உங்க பிள்ளை வயசு, எத்தனை மைல், பஸ் எத்தனை மணிக்கு, இதை எழுதுங்க. கில்ஹ் மெய்த்ரின்ல சேத்தா அந்த எண்ணிக்கையையும் கவுன்சில் பாக்கும்.

நர்சரி கிடைச்சிடுச்சு, இனிமே ரிசப்ஷன் தானா வந்துடும்தானே?

வராது!! தனியா அப்ளை பண்ணணும், அதே ஸ்கூல் அதே வளாகம்னாலும். கடைசி தேதி கவுன்சிலுக்கு கவுன்சில் மாறும், சைட்ல பாத்து இன்னைக்கே காலண்டர்ல போடுங்க, முடிவு ஏப்ரல் 16ல சொல்லுவாங்க. போன வருஷம் எங்க பில்டிங்ல ஒரு தம்பி நர்சரியில பிள்ளை போறதால நிம்மதியா இருந்தான், ஏப்ரல்ல எல்லாருக்கும் மெயில் வந்த அன்னிக்குத்தான் தனக்கு ஏன் வரலைன்னு என்கிட்ட கேட்டான். வெயிட்டிங் லிஸ்ட்ல ஏழாவதா நின்னு ஆகஸ்ட் கடைசியிலதான் இடம் கிடைச்சுது, அதுக்குள்ள அவன் வாங்கி வெச்ச யூனிஃபார்ம் ரெண்டு இன்ச் குட்டையாயிடுச்சு.